ட்ரோனைத் தொழிலுக்குப் பறக்கவிட: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு வாங்குவது

ட்ரோனை வைத்துத் தொழில் செய்ய வேண்டும் என்று என்னிடம் வழி கேட்டு வருபவர்களில் பலர் கையில் ஏற்கெனவே ஒரு பெட்டியுடன்தான் வருகிறார்கள். பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் வெளிநாட்டுத் தயாரிப்பு. ரசீது துண்டுச் சீட்டாக இருக்கும், அல்லது இருக்காது. அந்தக் கருவிக்கு இந்தியாவில் பதிவெண் பெற வழியில்லை என்று சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பலமுறை பார்த்த பிறகுதான், இந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை எழுதி வைக்கத் தோன்றியது. இடம், எடை, ஆவணம், சான்றிதழ், கருவி, பதிவு, காப்பீடு, பறப்பு என்பதே அந்த வரிசை. கருவி ஐந்தாவதாகத்தான் வருகிறது.

இங்கே சொல்பவை இந்தியாவில் 25 கிலோ வரையுள்ள ட்ரோன்களைக் கட்டணத்துக்கு இயக்குபவர்களுக்கானவை. அடிப்படை, 2021 ஆகஸ்டு 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள். அவற்றில் 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் திருத்தங்கள் வந்துள்ளன. நடைமுறைப்படுத்துவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். எல்லோரும் சொல்வது போல இனி டிஜிசிஏ என்றே எழுதுகிறேன். 2025 செப்டம்பரில் ட்ரோன்களுக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவருவதற்கான வரைவு மசோதா ஒன்று கருத்துக் கேட்புக்கு வெளியிடப்பட்டது. ஆகவே, பணம் கட்ட வேண்டிய ஒவ்வொரு படிக்கும் முன்பு டிஜிசிஏ இணையதளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய காணொளிகளை நம்பிப் புறப்படாதீர்கள். ஆபரேட்டர் பெர்மிட் வாங்க வேண்டும், பாஸ்போர்ட் இல்லாமல் எதுவும் நடக்காது என்றெல்லாம் இன்னும் அவற்றில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆபரேட்டர் பெர்மிட் 2021 விதிகளோடு போய்விட்டது. பாஸ்போர்ட் கட்டாயம் என்பது பைலட் சான்றிதழுக்கு 2023-லும் கருவிப் பதிவுக்கு 2024-லும் தளர்த்தப்பட்டது. வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்ற அரசு அடையாள ஆவணங்களே போதும்.

1. வேலை நடக்கும் இடங்களை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்

டிஜிசிஏ நடத்தும் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் நாடு முழுவதற்குமான வான்வெளி வரைபடம் உள்ளது. 2021 செப்டம்பரில் வெளியான அந்த வரைபடம் நாட்டைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பிரித்துக் காட்டுகிறது. முதல் வேலை இதுதான். இதற்குச் செலவே இல்லை. அடுத்த ஓராண்டில் உங்களுக்கு வேலை தரக்கூடிய 20 இடங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எந்த நிறத்தில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 120 மீட்டர், அதாவது 400 அடி உயரம் வரை பறக்க முன்அனுமதி தேவையில்லை. செயல்பாட்டில் உள்ள விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான வளையத்தில் இந்த உச்சவரம்பு 60 மீட்டராகக் குறைகிறது. அந்த உயரங்களுக்கு மேலே போனால் மஞ்சள். 5 முதல் 8 கிலோமீட்டர் வரையிலான வளையத்தில் தரையிலிருந்தே மஞ்சள். மஞ்சளில் பறக்க, அந்த வான்பகுதியைக் கட்டுப்படுத்தும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். அது இடத்தைப் பொறுத்து இந்திய விமான நிலைய ஆணையமாகவோ விமானப் படையாகவோ கடற்படையாகவோ இருக்கும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவே கூடாது.

இங்கே வழக்கமாக நேரும் பிழை, தூரத்தை விமான நிலைய முனையக் கட்டடத்திலிருந்து அளப்பது. விதி சொல்வது நிலையத்தின் எல்லையிலிருந்து. ஓடுபாதையின் மறுமுனை நீங்கள் படமெடுக்கும் கல்யாண மண்டபத்துக்கு அருகில் இருந்தால் கணக்கில் இரண்டு மூன்று கிலோமீட்டர் மாறிவிடும், நிறமும் மாறிவிடும்.

இன்னொரு பிழை, பயணிகள் விமான நிலையத்தை மட்டும் கணக்கில் கொள்வது. தமிழ்நாட்டில் தாம்பரம், சூலூர், தஞ்சாவூர் ஆகிய இடங்களில் விமானப் படைத் தளங்களும், அரக்கோணத்திலும் உச்சிப்புளியிலும் கடற்படைத் தளங்களும் இருக்கின்றன. கோயம்புத்தூரில் பீளமேடு விமான நிலைய வளையமும் சூலூர் வளையமும் நெருங்கி நிற்பதால் கிழக்குப் பக்கத்தில் இடம் குறிப்பது தனி வேலை. பல்லாவரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் ட்ரோன் வாங்குமுன் என்னுடன் உட்கார்ந்து தம் வாடிக்கையான மண்டபங்களை வரைபடத்தில் தேடினார். மீனம்பாக்கத்தைச் சுற்றியிருந்த எதுவும் பச்சையில் இல்லை. அவர் தொழிலைக் கைவிடவில்லை. மாமல்லபுரம் சாலையிலும் செங்கல்பட்டுப் பக்கமும் கிடைக்கும் வேலைகளை மட்டும் எண்ணிச் செலவுக் கணக்கைத் திருத்திக்கொண்டார். அந்தக் கணக்கு, கருவி வாங்கிய பிறகு போடப்பட்டிருந்தால் கசந்திருக்கும்.

2. எடை வகுப்பை முடிவு செய்யுங்கள்

விதிகள் ட்ரோனை விலையாலோ கேமரா தரத்தாலோ பிரிப்பதில்லை, எடையால் பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. அதற்கு மேல் 25 கிலோ வரை ஸ்மால். 25 கிலோவைத் தாண்டினால் மீடியம், 150 கிலோவைத் தாண்டினால் லார்ஜ். இந்த எடை, பேட்டரியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை.

எடையை இப்போதே முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம், அடுத்துவரும் பயிற்சி, சான்றிதழ், காப்பீடு ஆகிய மூன்றும் அதைப் பொறுத்தே அமைகின்றன. நானோவை இயக்க பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவைப் பொழுதுபோக்குக்காக, தொழில் நோக்கமின்றி இயக்கவும் தேவையில்லை. அதே மைக்ரோவைக் கட்டணத்துக்கு இயக்கினால் சான்றிதழ் கட்டாயம். ‘சும்மா நண்பன் கல்யாணத்துக்கு எடுத்தேன்’ என்று சொல்லிவிட்டு அதற்குப் பில் போட்டவரை நான் அறிவேன். பில் இருந்தால் அது தொழில்தான்.

249 கிராம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை வைத்து நானோ என்று முடிவு செய்பவர்களுக்கு ஒரு சிறு சோதனையைச் சொல்வேன். மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் கருவியை நீங்கள் பறக்கவிடும் நிலையிலேயே வையுங்கள்: பேட்டரி, மெமரி கார்டு, லென்ஸில் மாட்டும் ஃபில்டர், இறக்கைகளைச் சுற்றிப் போடும் காப்பு வளையம் எல்லாவற்றோடும். கண்ணெதிரே எண் 250-ஐத் தாண்டிப் போவதைப் பார்க்கலாம். காப்பு வளையத்தைப் பாதுகாப்புக்காகப் போட்டோம் என்பது உண்மைதான். ஆனால் அந்த நிமிடம் கருவி மைக்ரோ வகுப்புக்குள் வந்துவிட்டது.

பெரிய கருவிகளிலும் இதே கதைதான். 10 லிட்டர் தொட்டி கொண்ட தெளிப்பு ட்ரோன்களில் பல, தொட்டி நிறைந்த நிலையிலும் 25 கிலோவுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. கொஞ்சம் பெரிய தொட்டியை மாட்டிக்கொள்ளலாமே என்று பட்டறையில் யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். அது எடை வகுப்பையும் மாற்றும். பின்னால் சொல்லப்போகும் டைப் சான்றிதழையும் அர்த்தமற்றதாக்கும்.

3. பெயரையும் ஆவணங்களையும் சரிசெய்யுங்கள்

இது அலுப்பான படி. ஆனால் விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் இங்கேதான். பைலட் சான்றிதழுக்கு வயது 18-க்குக் குறையாமலும் 65-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். ஆகவே பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், அரசு அடையாள ஆவணம், முகவரிச் சான்று, புகைப்படம், உங்கள் கையில் நிலையாக இருக்கும் கைப்பேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றை ஒரே உறையில் சேர்த்து வையுங்கள்.

நம் ஊரில் பெயருக்கு இனிஷியல் உண்டு. குடும்பப் பெயர் இல்லை. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும். ஆதாரில் முன்னால் இருக்கும். பான் அட்டையில் அது விரிந்து அப்பாவின் முழுப்பெயராகவே ஆகியிருக்கும். வடநாட்டுப் படிவத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டம் கட்டாயமாக இருப்பதால் ஒருவர் அங்கே ஒரு புள்ளியை வைப்பார், இன்னொருவர் ஊர்ப் பெயரை எழுதுவார். பிறகு மூன்று இடத்தில் மூன்று ஆள்கள். எந்த ஆவணத்தை முதன்மையாகக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ள எழுத்துகளையே பயிற்சி நிறுவனத்திலும் இணையக் கணக்கிலும் கருவியின் ரசீதிலும் காப்பீட்டிலும் எழுத்துப் பிசகாமல் பயன்படுத்துங்கள். பயிற்சியில் சேருமுன் ஆதாரில் பெயரைத் திருத்திக்கொள்வது, சேர்ந்தபின் திருத்துவதைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு சுலபம்.

நிறுவனத்தின் பெயரில் கருவி வாங்குவதாக இருந்தால் ரசீது நிறுவனத்தின் பெயரிலும் பைலட் சான்றிதழ் தனிநபர் பெயரிலும் இருக்கும். அது முறையானதே. சான்றிதழ் மனிதருக்கு, பதிவெண் கருவிக்கு என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

4. பயிற்சியும் ரிமோட் பைலட் சான்றிதழும்

ஆரம்பத்தில் இதற்கு உரிமம் என்றுதான் பெயர். 2022 பிப்ரவரித் திருத்தம் உரிமம் என்பதை நீக்கிச் சான்றிதழ் என்று ஆக்கியது. அதை வழங்கும் பொறுப்பும் டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனங்களிடம் இணையதளத்தின் வழியாக விடப்பட்டது. அதனால் சான்றிதழின் மதிப்பு முழுக்க நீங்கள் சேரும் நிறுவனத்தின் அங்கீகாரத்தில் இருக்கிறது.

எனவே கட்டணம் கட்டுமுன் மூன்றைச் சரிபாருங்கள். முதலாவது, அந்த நிறுவனத்தின் பெயர் டிஜிசிஏ பட்டியலில் இன்றைய தேதியில் உள்ளதா என்பது. இரண்டாவது, எந்த வகைக்கு, எந்த எடை வகுப்புக்குப் பயிற்சி தர அதற்கு அங்கீகாரம் இருக்கிறது என்பது. ட்ரோன்கள் இறக்கை விமான வகை, சுழலி வகை, இரண்டும் கலந்த வகை என்றும் பிரிக்கப்பட்டுள்ளன, சான்றிதழில் வகையும் வகுப்பும் குறிப்பிடப்படும். மூன்றாவது, எத்தனை மணி நேரம் உண்மையான கருவியைக் கையில் தருவார்கள் என்பது. சிமுலேட்டரில் கை பழகலாம், காற்று பழகாது.

பயிற்சி பொதுவாக ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். வான்வெளி விதிகள், வானிலை, கருவியின் இயக்கம், அவசர நிலைகள் ஆகிய பாடங்களும் பறப்புத் தேர்வும் இருக்கும். தேறியபின் நிறுவனமே இணையதளத்தில் விவரங்களை ஏற்றும். அரசுக் கட்டணம் 100 ரூபாய். பயிற்சிக் கட்டணம் அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் என்பதால், 100 ரூபாய்தானே என்று நினைத்துப் பட்ஜெட் போட வேண்டாம். சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். இடையில் புத்தாக்கப் பயிற்சி அறிவிக்கப்பட்டால் அதையும் முடிக்க வேண்டும்.

என் தம்பி முறை உறவினர் ஒருவன் ஊரில் மூன்று நாள் ட்ரோன் பயிலரங்கில் சேர்ந்து, தங்க நிற முத்திரை வைத்த சான்றிதழோடு வந்தான். ‘அண்ணே, இதைக் காட்டினால் போதும்தானே?’ என்றான். அதில் வகையும் இல்லை, எடை வகுப்பும் இல்லை, தளத்தில் தேடிப் பார்க்க எண்ணும் இல்லை. பங்கேற்றதற்கான சான்று அது, சுவரில் மாட்டலாம். நடத்தியவர்கள் பொய் சொல்லவில்லை, அரசு சான்றிதழ் என்று எங்கும் எழுதவும் இல்லை. ஆனால் அப்படி அவன் நினைத்துக்கொள்வதை அவர்கள் தடுக்கவும் இல்லை. மீண்டும் பணம் கட்டி முறையான நிறுவனத்தில் சேர்ந்தான்.

5. இப்போது கருவி: டைப் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள்

மைக்ரோவும் அதற்கு மேற்பட்டவையும் தொழிலுக்குப் பறக்க வேண்டுமானால் அந்த மாதிரிக்கு டைப் சான்றிதழ், அதாவது அந்த மாதிரி தரச் சோதனையில் தேறியது என்ற சான்று, இருக்க வேண்டும். இதை வாங்குவது தயாரிப்பாளரின் வேலை, உங்களுடையது அல்ல. ஆனால் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. சான்றிதழ் எண்ணைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, சான்றளிக்கப்பட்ட மாதிரிகளின் பட்டியலில் அதே மாதிரிப் பெயரோடு ஒத்துப் பாருங்கள். ‘இதே கம்பெனியின் வேறொரு மாடலுக்கு இருக்கிறது’ என்ற பதில் இல்லை என்பதற்குச் சமம்.

வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதி 2022 பிப்ரவரி 9 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. முழுதாக இணைத்த கருவிக்கும் பிரித்துக் கொண்டுவரும் கருவிக்கும் இத்தடை பொருந்தும்; ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில நோக்கங்களுக்கே விலக்கு. உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. துபாயிலிருந்து வரும் மாமா பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதும் இறக்குமதிதான். விமான நிலையச் சுங்கத்தில் அது நின்றுவிடலாம், நிற்காமல் வந்துவிட்டாலும் பதிவெண் கிடைக்காது.

தடைக்கு முன்பே இங்கிருந்த பழைய கருவிகளுக்கு ஒரு வாசல் திறந்திருந்தது: 2021 நவம்பர் 30-க்குள் இந்தியாவுக்கு வந்தது, 2021 டிசம்பர் 31-க்குள் பெற்ற ட்ரோன் ஒப்புகை எண், ஜிஎஸ்டி கட்டிய ரசீது ஆகியவை எல்லாம் இருக்க வேண்டும். அந்தக் காலக்கெடு முடிந்துவிட்டது. இரண்டாம் கையாக விற்பவர் ‘பழைய ஸ்டாக், பிரச்சினை இல்லை’ என்றால், பதிவெண்ணைக் காட்டுங்கள் என்று மட்டும் கேளுங்கள்.

உதிரிபாகங்களை வாங்கித் தாமே கட்டிக்கொள்ளும் திறமைசாலிகள் நம்மிடம் நிறையப் பேர் உண்டு. கற்றுக்கொள்ளவும் ஆய்வு செய்யவும் அது நல்ல வழி. கட்டணம் வாங்கும் வேலைக்கு அதைக் கொண்டுபோக முடியாது, ஏனெனில் அந்தக் கருவிக்கு டைப் சான்றிதழ் இல்லை.

விவசாயத் தெளிப்புக்கு வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் வாடகை மையங்களுக்கு விலையில் 40 சதவீதம், 4 லட்சம் ரூபாய் வரையிலும், மையம் அமைக்கும் வேளாண் பட்டதாரிகளுக்கு 50 சதவீதம், 5 லட்சம் ரூபாய் வரையிலும் மானியம் அறிவிக்கப்பட்டது. மானியம் கேட்கப் போகிறீர்கள் என்றால் வட்டார வேளாண் பொறியியல் அலுவலகத்தில் நடப்பு நிலையைக் கேட்டு, ஒப்புதல் ஆணை கைக்கு வந்தபிறகே பணம் கட்டுங்கள். முன்பே வாங்கிவிட்ட கருவிக்குப் பிறகு மானியம் கேட்டு அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

6. கருவிக்குப் பதிவெண்

யுஐஎன் என்று எல்லோரும் சொல்லும் தனி அடையாள எண் இல்லாமல் எந்த ட்ரோனும் பறக்கக் கூடாது. நானோவுக்கு பைலட் சான்றிதழும் டைப் சான்றிதழும் வேண்டாம் என்பதால் பதிவும் வேண்டாம் என்று நினைப்பவர்கள் ஏராளம். பதிவிலிருந்து நானோவுக்கு விலக்கு இல்லை. விண்ணப்பம் டி-2 படிவம். கட்டணம் 100 ரூபாய். படிவத்தை எந்தத் தளத்தில் நிரப்புவது என்பதற்கு, டிஜிசிஏ முகப்புப் பக்கத்தில் உள்ள இணைப்பு வழியாகவே நுழையுங்கள். தரகர்கள் அனுப்பும் இணைப்புகள் வழியாக வேண்டாம்.

இந்த எண் கருவியின் வரிசை எண், உள்ளே இருந்து பறப்பைக் கட்டுப்படுத்தும் ஃப்ளைட் கன்ட்ரோலரின் வரிசை எண், கையிலுள்ள ரிமோட்டின் வரிசை எண் ஆகிய மூன்றோடும் பிணைந்தது. பெட்டியைத் திறந்தவுடன் மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் சுழியத்தையும் ஓ என்ற ஆங்கில எழுத்தையும் மாற்றி அடித்து, இரண்டு வாரம் காத்திருந்து, நிராகரிப்பு வாங்கியதில் என் அனுபவமும் உண்டு.

பின்னால் கருவி விழுந்து பழுதுபார்க்கப் போனால் பட்டறையில் கன்ட்ரோலரையே மாற்றிவிடுவார்கள்; ரிமோட் கெட்டால் புது ரிமோட்டை இணைத்துத் தருவார்கள். மாற்றிய 7 நாட்களுக்குள் புதிய வரிசை எண்ணைத் தளத்தில் ஏற்ற வேண்டும். பட்டறையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பழுதுச் சீட்டில் ‘பழைய எண், புதிய எண்’ என்று எழுதித் தரும்படி நீங்கள்தான் கேட்க வேண்டும். ஏற்றாமல் விட்டால் கையில் இருக்கும் கருவியும் பதிவில் இருக்கும் கருவியும் வேறு வேறு என்றாகிவிடும். விபத்து நடந்த நாளில் காப்பீட்டு ஆய்வாளர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

7. காப்பீடு

நானோ தவிர மற்ற எல்லா ட்ரோன்களுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் காப்பீட்டு விதிகளே தக்க மாற்றங்களோடு ட்ரோனுக்கும் பொருந்தும் என்று விதிகள் சொல்கின்றன. மூன்றாம் நபர் காப்பீடு என்பது கீழே நிற்பவருக்கும் அவர் காருக்கும் நேரும் சேதத்துக்கு; உங்கள் கருவி உடைந்தால் அதற்கு வேறு பாலிசி வேண்டும். பாலிசியில் யுஐஎன், இயக்குபவரின் சான்றிதழ் விவரம், வேலையின் தன்மை ஆகிய மூன்றும் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். படப்பிடிப்பு என்று எழுதி வாங்கிய பாலிசியோடு மருந்து தெளிக்கப் போகாதீர்கள்.

8. ஒவ்வொரு பறப்புக்கும் முன்

முதல் படியில் பார்த்த வரைபடம் நிலையானது அன்று. பறக்கும் நாளில் அந்த இடத்துக்கு ஏதேனும் அறிவிப்போ தடையோ உள்ளதா என்று தளத்தில் மீண்டும் பார்ப்பது பைலட்டின் சட்டக் கடமை. மாநில அரசோ காவல்துறையோ ஒரு பகுதியை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம்; அறிவிக்கும் அதிகாரி காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். முக்கியத் தலைவர்கள் வருகை, பெருந்திருவிழா, தேர்தல் நாள்கள் ஆகியவற்றின்போது இது சாதாரணம். உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குவதைப் பச்சை மண்டலத்துக்கு விதிகள் கேட்கவில்லை. ஆனாலும் நான் கொடுத்துவிடுவேன். கூட்டம் கூடும் இடத்தில் ட்ரோன் சத்தம் கேட்டு முதலில் வருபவர் அந்த நிலையத்துக் காவலர்தான். அவர் கையில் ஏற்கெனவே உங்கள் பெயர் இருந்தால் பேச்சு சுமுகமாக முடியும்.

மஞ்சள் மண்டல வேலைக்கு, இடத்தின் ஆயத்தொலைவுகள், உயரம், தேதி, நேரம், கருவியின் எண், பைலட்டின் எண் ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். முகூர்த்தத் தேதி உறுதியான அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்; முந்தின வாரம் விண்ணப்பித்து விட்டு வாடிக்கையாளரிடம் உறுதி சொல்வது தவறு. உயரத்தைத் தேவைக்கு மேல் கேட்காதீர்கள். மண்டபத்து முகப்பைப் படமெடுக்க 40 மீட்டர் தாராளம். 120 மீட்டர் என்று பழக்கத்தில் எழுதினால் மறுப்புக்கு நீங்களே காரணம் கொடுத்தது போலாகும்.

அனுமதி கிடைக்காமல் போகலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். நான் எழுதும் வரி இது: ‘வான்வெளி அனுமதி மறுக்கப்பட்டாலோ, நிகழ்ச்சி நாளில் அப்பகுதி தடை மண்டலமாக அறிவிக்கப்பட்டாலோ, வானிலை இடம் தராவிட்டாலோ ட்ரோன் படப்பதிவு செய்யப்படமாட்டாது; அதற்கான தொகை மட்டும் இறுதிப் பில்லில் கழிக்கப்படும்.’ இந்த ஒரு வரி இல்லாததால் மண்டப வாசலில் பெண் வீட்டாரின் வற்புறுத்தலுக்கு இணங்கிச் சிவப்பு மண்டலத்தில் ஏற்றியவர்கள் உண்டு. ட்ரோன் விதிகளை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

உயரத்தைப் பற்றி ஒரு குறிப்பு. திரையில் தெரியும் உயரம் நீங்கள் ஏற்றிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ மலை விளிம்பிலிருந்து ஏற்றிப் பள்ளத்தாக்கின் மேல் நகர்த்தினால், திரை 60 என்று காட்டும்போதே கீழே உள்ள தரைக்கு 200 மீட்டருக்கு மேல் இருக்கலாம்.

9. வானம் பச்சையாக இருந்தாலும் நிலம் வேறொருவருடையது

வரைபடத்தில் பச்சை என்பது வான்வெளிக்கு மட்டுமான பதில். தொல்லியல் துறை பாதுகாக்கும் தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் போன்ற இடங்களுக்கு அத்துறையின் அனுமதி தனியாக வேண்டும். சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் வனத்துறையிடம் கேட்க வேண்டும். தனியார் நிலத்தில் ஏற்றி இறக்க உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலை வாங்குங்கள். பக்கத்து வீட்டு மாடியைப் படமெடுக்காமல் கேமராக் கோணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

நில அளவைக்கு 2021 பிப்ரவரி 15-இல் வந்த புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள் பெரும் தளர்வைக் கொடுத்தன. கிடைமட்டத்தில் 1 மீட்டர், உயரத்தில் 3 மீட்டர் என்ற அளவைவிட நுணுக்கமான தரவை இந்திய நிறுவனங்கள் மட்டுமே உருவாக்கலாம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்பவர்கள் ஒப்பந்தத்துக்கு முன் இந்த வரம்பைப் படித்துவிட வேண்டும்.

தெளிப்பு வேலைக்கு வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் தனிச் செயல்முறை வெளியிட்டது. ட்ரோன் விதிகளோடு பூச்சிக்கொல்லிச் சட்டமும் இங்கே சேர்ந்துகொள்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். ட்ரோனில் தெளிக்க அனுமதிக்கப்பட்ட மருந்தை, அதற்குச் சொன்ன அளவில்தான் தெளிக்கலாம். கைத்தெளிப்பானுக்கு எழுதிய அளவை அப்படியே ட்ரோன் தொட்டிக்குக் கொண்டுவருவது புதியவர்களின் பெரிய பிழை. ஏக்கருக்கு ஊற்றும் தண்ணீர் பத்தில் ஒரு பங்காகக் குறையும்போது கரைசலின் செறிவும் நுண்துளியின் போக்கும் முற்றிலும் வேறு. ஊராட்சிக்கும் பக்கத்து வயல்காரருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி ஒரு சுற்று விட்டு, துளி எங்கே போய் விழுகிறது என்று வரப்பில் நின்று பார்த்தபிறகே மருந்தைக் கலக்குங்கள்.

10. விபத்தும் விற்பனையும்

விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் தளத்தின் வழியாக டிஜிசிஏவுக்கு அறிக்கை அளிக்க வேண்டும். அதைவிட முந்தி, கருவியை எடுக்குமுன் விழுந்த இடத்தைப் படமெடுங்கள். மெமரி கார்டையும் பறப்புப் பதிவையும் தனியே பத்திரப்படுத்துங்கள். உடைந்த துண்டுகளைப் பையில் அள்ளிக்கொண்டு முதலில் பட்டறைக்கு ஓடுவது இயல்பான பதற்றம்; காப்பீட்டுக் கோரிக்கை அங்கேயே பலவீனமாகிவிடும்.

கருவியை விற்றாலும் வாடகைக்கு விட்டாலும் அன்பளிப்பாகக் கொடுத்தாலும் யுஐஎன்னை டி-3 படிவத்தில் பெயர் மாற்ற வேண்டும். தொலைந்தாலோ சரிசெய்ய முடியாதபடி உடைந்தாலோ பதிவை நீக்க வேண்டும். பைக் விற்றுவிட்டு ஆர்சி புத்தகத்தை மாற்றாமல் விட்டவர் வீட்டுக்கு நோட்டீஸ் வருவது போலத்தான் இதுவும். பெயர் மாற்றம் முடிந்ததற்கான திரைப் படத்தை வாங்கியவரிடமிருந்து பெற்ற பிறகே ரிமோட்டைக் கையில் கொடுங்கள். அதுவரை பேட்டரியை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.